இந்தக் காசு என்ன போகும், அக்கா?

பழைய காசைப் பார்த்து விலை சொல்கிற தொழிலுக்கு முதலீடு ஒரு லென்ஸ். நஷ்டம், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் போவது. உங்களில் யாருக்காவது இந்தக் காசுக் கிறுக்கு இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இருந்தாலும் படியுங்கள்.

என் வீட்டுக்காரர் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அவர் கண்ணில் மாட்டிக்கொள்கிற லென்ஸை இரவல் வாங்கி, என் பெட்டியில் கிடந்த ஓட்டைக் காலணாவை ஒருநாள் பார்த்தேன். அதிலிருந்த கிரீடமும் எழுத்தும் அத்தனை நுணுக்கமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. லென்ஸை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது கடையில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் பஸ் ஏறி அரியலூர் போய், என் சித்தி மகளின் வெள்ளிக்கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். காசு வைத்திருப்பவர்கள் அங்கேயும் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ரசம் வராத பந்தி

போன ஆவணியில் பெரியம்மா வீட்டுக் கல்யாணம், துறையூர் ரோட்டு மண்டபத்தில். சாம்பார் சோற்றைப் பிசைந்து ஒரு வாய்கூட வைத்திருக்க மாட்டேன். எதிர்வரிசையில் இருந்த மாமா ஒருவர் டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "போன்ல மூணு லட்சம்னு போட்டுருக்கான். உனக்குத் தெரிஞ்ச பார்ட்டி இருந்தா சொல்லும்மா" என்றார். எச்சில் கையோடு நான் விழிப்பதற்குள், அவருக்குப் பக்கத்திலிருந்தவர் கடைசியில் 786 என்று ராசி நம்பரில் முடிகிற பத்து ரூபாய் நோட்டைக் காட்டினார். ரசவாளியோடு வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் பர்ஸில் இருந்த ஒன்றைத் தேட ஆரம்பித்தார்.

மாமா, இதெல்லாம் கடையில் கொடுத்தால் சாமான் வாங்கலாம், அவ்வளவுதான் என்றேன். யாரும் நம்பவில்லை. எனக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அடுத்த இலையில் ரசத்துக்காகக் காத்திருந்த என் வீட்டுக்காரர், வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். "ஒன் பக்கத்துல உக்காந்தா ரசம் வராது. நான் அடுத்த பந்தியில உக்காந்துக்கிறேன், நீ யாவாரத்த முடிச்சுட்டு வா."

பத்து லட்சத்துத் தூக்கம்

பாடாலூரில் ஹைவே ஓரமாக டீக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா. கடைக்குள் வந்ததும் முதலில் கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். எங்கள் கடைக்குக் கதவே கிடையாது, ஷட்டர்தான். இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே, வைஷ்ணவி தேவி உருவம் போட்ட அஞ்சு ரூபாய் காசு. அதற்குப் பத்து லட்சம் தருகிறார்கள் என்று டீ குடிக்க வந்த யாரோ வீடியோ காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே கல்லாவிலிருந்து அதைப் பொறுக்கி எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒழுகுகிற ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டாயிற்று, மகளை நர்ஸிங்கில் சேர்த்தாயிற்று, முட்டிவலிக்குத் திருச்சியில் பெரிய டாக்டரைப் பார்த்தாயிற்று.

இந்த மாதிரி நேரங்களில் நான் முதலில் தண்ணீர் கொடுப்பேன். குடிக்கிற நேரத்தில் வார்த்தையைத் தேடிக்கொள்ளலாம். இந்தக் காசு எக்கச்சக்கமாக அடித்து வெளியிட்டது, இப்போதும் ஊரெல்லாம் புழங்குகிறது, இது அஞ்சு ரூபாய்தான் என்று சொன்னேன். அந்த அம்மா சொம்பைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். காசை எடுத்து, முடிச்சுப் போடாமல், சும்மா கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "பத்து லட்சம் வருதுன்னு கொஞ்ச நாளா நல்லாத் தூங்குனேன்க்கா. அந்தத் தூக்கத்துக்கு அஞ்சு ரூவா தாராளமாக் குடுக்கலாம்."

குளிப்பாட்டிய ராணி

காசு சேர்ப்பவர்களே, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். செட்டிகுளத்துப் பக்கமிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் வந்தாள். புதுக் கைக்குட்டையில் சுற்றிய வெள்ளி ரூபாய். பிரித்ததும் ஜொலிக்கிறது. விக்டோரியா ராணி, ரொம்பப் பழைய காசு. ஆனால் ராணிக்கு மூக்கு இல்லை. கிரீடத்துப் பூ வேலை, கழுத்துச் சங்கிலி எல்லாம் வழுவழு. சோப்புப் போட்டு, அப்புறம் பல்பொடி போட்டு, அதற்கும் போகாத கறுப்புக்கு எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறாள். அந்தக் கறுப்புக்குத்தான் விலை என்பதை யார் போய் அவளிடம் சொல்லியிருப்பார்கள்?

திட்டு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக, இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிற பெண்ணை எப்படித் திட்டுவது? வீட்டில் இன்னும் ரெண்டு இருக்கிறதாம். மாமியார் தொட விடவில்லையாம். அந்த மாமியாருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பழைய காசைக் கழுவக் கூடாது, துடைக்கக்கூட வேண்டாம் என்று பதமாகச் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. ராணியின் முகத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: "பெரிய எடத்துக்குப் போறோமே, அழுக்கோட போனா மரியாதையா இருக்காதுன்னு குளிப்பாட்டிக் கூட்டியாந்தேன்க்கா."

கல்லுக்காசு

அரியலூர் வெள்ளிக்கடையில் ஒரு செவ்வாய்க்கிழமை. தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளைத் தூசியோடு ஒருவர் வந்து நின்றார். சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரியின் டிரைவர். துண்டிலிருந்து வட்டமான கல் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவு. மேலே ஐந்து இதழ் வைத்த பூ, அச்சில் அடித்த மாதிரி. "ராசா காலத்துக்கும் முன்னாடி கல்லுலதான் காசு அடிச்சிருப்பாங்க மேடம். பாருங்க, முத்திரை எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார்.

அது காசில்லை, கடலில் வாழ்ந்த ஒரு பிராணி, செத்துப் புதைந்து கல்லாகிவிட்டது என்றேன். கடலா என்றார். ஆமாம், மனுஷனே பிறக்காத காலத்தில் இந்த அரியலூர்ச் சீமை பூராவும் கடல்தான், அதில் கிடந்த சிப்பியும் பூச்சியும் மீனும் படிந்துதான் நீங்கள் ஏற்றுகிற கல்லே உண்டாயிற்று என்றேன். அவர் வெளியே திரும்பிப் பார்த்தார். ரோட்டில் வரிசையாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. விலையைப் பற்றிப் பிறகு அவர் கேட்கவே இல்லை. கல்லைத் துண்டால் துடைத்து, முன்னைவிடப் பத்திரமாகச் சுற்றினார். "கடலைக் காட்டு, கடலைக் காட்டுன்னு வூட்டுல உயிரை எடுப்பா மேடம். அதுக்குள்ளதாண்டி இத்தன வருசமா குடும்பம் நடத்துறோம்னு இன்னிக்கிப் போய்ச் சொல்லிர்றேன்."

அரிசி இழுக்கிற காசு

இதைக் கேள்விப்படாத காசுக்காரர் இருக்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் செப்புக்காசு, அதில் அனுமார் படம், இடி விழுந்து சக்தி ஏறியது, பக்கத்தில் வைத்தால் அரிசியைத் தானாக இழுக்கும், வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில் கொடுப்பான். காரில் காசோடு வந்த ஆட்கள் சொன்ன இந்தக் கதையை நம்பி, ஒரு மக்காச்சோள விவசாயி தன் நிலத்தில் பாதியை விற்று அந்தக் காசை வாங்கப் பங்கு போட முடிவு பண்ணிவிட்டார். பத்திர ஆபீசுக்குப் போகிற வழியில், சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று என்னிடம் வந்தார். கூட அவர் மனைவி. அந்த அம்மா தலை குனிந்தே நின்றார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

கம்பெனிக்காரன் அப்படி அனுமார் போட்டுக் காசு அடித்ததே கிடையாது, அது பிற்பாடு யாரோ செய்த வில்லை, சாமி டாலர் மாதிரி என்றேன். அவருக்கு அது ஏறவில்லை. "கண்ணால பாத்தேன்க்கா. அரிசி ஓடி வந்து ஒட்டுச்சு" என்றார். வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. அந்த அரிசி யாருடையது என்று மட்டும் கேட்டேன். அவங்களே ஒரு டப்பாவில் கொண்டு வந்தாங்க என்றார். "சரி, பத்திரத்தை ஒரு வாரம் தள்ளி வைங்க. அடுத்த தடவை உங்க வூட்டு அரிசியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. இழுத்துச்சுன்னா நானும் ஒரு பங்கு போடுறேன்" என்றேன். அந்த அம்மா அப்போதுதான் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மறுவாரம் இருவரும் வந்தார்கள். மனைவி கையில் ஒரு பை சின்ன வெங்காயம். என்ன ஆச்சு என்றேன். தந்திரம் எனக்குத் தெரிந்ததுதான்: காந்தம் காசுக்கு அடியில், இரும்புத்தூள் அவர்கள் டப்பா அரிசியில். இவர் மனைவி முறத்தில் அரிசியோடு வந்து நின்றதும் வந்தவர்கள் முகம் மாறியிருக்கிறது. இந்த அரிசி ஆகாது, நாள் சரியில்லை என்று காரை எடுத்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். சொல்லும்போது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, தப்பித்த நிம்மதியும் தெரிந்தது. ஆனால் கடைசி வார்த்தை அந்த அம்மாவுடையது. "ரேசன் அரிசின்னு தெரிஞ்சதும் காசுக்கே புடிக்கலக்கா."

மிஞ்சின ஒன்று

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அரியலூர்க் கடையில், ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வரப்புத் தகராறில் பேச்சு நின்று பல வருடம் ஆகிறதாம். அப்பா காலமாகி, பெட்டியைத் திறந்தபோது ஒரு சுருக்குப்பை நிறையப் பழைய காசு. அதைச் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு நான். "கூடக் குறைய இருக்கக் கூடாதுன்னு அவன்கிட்டச் சொல்லிருங்க" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். "எனக்கும் அதுதான் வேணும்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்று தம்பியும் என்னைப் பார்த்தே சொன்னார்.

வெள்ளிக்கு வெள்ளி, செம்புக்குச் செம்பு என்று எதிரெதிராக அடுக்கிக்கொண்டே வந்தேன். எல்லாம் ஜோடி சேர்ந்து, ஒன்று மட்டும் மிஞ்சியது. காசே இல்லை, ராமர் உருவம் போட்ட பித்தளை வில்லை. ஒரு பக்கம் சீதையோடு உட்கார்ந்திருக்கிற ராமர், மறுபக்கம் வில்லோடு நிற்கிற ராமர். தேய்ந்து உருவமே மங்கியிருந்தது. இதற்கு விலையே கிடையாது, வேண்டுமானால் குப்பையில் போடலாம் என்று சொல்லப்போனவள், அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ரெண்டு பேரும் அந்த வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குப் போகும்போது அப்பா சைக்கிளில் முன்பாரில் ஒருத்தன்தான் உட்கார முடியும். யார் என்று அடிதடி வரும். அப்பா இதைச் சுண்டிவிடுவார். உட்கார்ந்த ராமரா, நின்ன ராமரா? நின்ன ராமர் விழுந்தால் அண்ணன், உட்கார்ந்த ராமர் விழுந்தால் தம்பி. இதை அண்ணன் பாதி சொல்ல, மீதியைத் தம்பி சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், இருவரும் என் வழியாகச் சொல்லவில்லை என்பது அவர்களுக்கே உறைத்தது. அண்ணன் வில்லையைத் தம்பி பக்கம் நகர்த்தினார். தம்பி அதைத் திருப்பி அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணன்கிட்டயே இருக்கட்டும்க்கா. பாக்கணும்னு தோணுச்சுன்னா வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கிறேன்."

குழியில் கிடந்த ராஜா

ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கிருந்து செல்வி என்று ஒரு பெண், சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியோடு அரியலூர்க் கடைக்கு வந்தாள். புருஷன் திருப்பூரில் வேலை. இவள் பேருக்கு கவர்மென்ட் கக்கூஸ் கட்ட அனுமதி வந்து, கொல்லையில் குழி வெட்டும்போது ஒரு மண்கலயம் உடைந்து உள்ளே காசு. பச்சை பாய்ந்த செப்பு. லென்ஸில் பார்த்தேன். ஒரு பக்கம் நிற்கிற மனிதர், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறவர், கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் ராஜராஜ. தனிக்காசாக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புதைத்து வைத்தவன் வந்து எடுக்காமலே போன முழுக்கலயத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஒரு நிமிஷம் ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன், காசுக்காரர்களுக்குப் புரியும். ஆனால் மண்ணுக்குள் கிடைத்த புதையலை அரசாங்கத்திடம் சொல்லியாக வேண்டும், வாங்கினால் நானும் உள்ளே, விற்றால் அவளும் உள்ளே. அதைச் சொன்னதும் அவள் பயந்துவிட்டாள். கொல்லையைப் பிடுங்கிக்கொள்வார்கள், போலீஸ் வரும், புருஷன் வைவார் என்று ஒரே புலம்பல். கலயத்தைத் திரும்பக் குழியில் போட்டு மூடிவிடுகிறேன் என்றாள். நான் சித்தி மகளிடம் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். பஸ்ஸில் போசியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் இருந்த அம்மா நல்லவர். உட்கார வைத்து, டீ சொல்லி, எண்ணி வாங்கிக்கொண்டு, உங்க நிலத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா என்று ரெண்டு தடவை சொன்னார். அதற்கப்புறம்தான் செல்வி அந்த டீயைக் குடித்தாள்.

பல மாதம் கழித்து அந்தக் காசுகளில் சிலதை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, அவளையும் திருப்பூரிலிருந்து வந்திருந்த அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டி, விளக்கு, கீழே ஊர்ப் பேர் போட்ட அட்டை. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். விரலைக் கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளக்கா, கக்கூஸ் குழின்னு எழுதல. வீட்டுக் கொல்லைன்னு கவுரவமா எழுதிருக்காங்க."

சட்டைப்பைச் சில்லறை

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு அம்மா, பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தார். திறந்தால் அரபு நாட்டுச் சில்லறை. இதற்கு விலை ஒன்றும் பெரிதாக வராது, பணம் மாற்றுகிற இடத்தில் நோட்டைத்தான் எடுப்பார்கள், சில்லறையைத் தொட மாட்டார்கள் என்றேன். "விக்க வரலைங்க" என்றார். அவர் கணவர் வெளியே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தார். வாலிபத்தில் சவுதிக்குப் போனவர், பிறகு துபாய். இப்போதுதான் முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. மகள்கள் கல்யாணம், வீடு என்று எல்லாம் செலவாகி, கையில் ஒன்றும் இல்லை, நான் என்ன சம்பாதிச்சேன் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "லீவுல வர்றப்ப எல்லாம் புள்ளைங்க அவுக சட்டைப்பையைத் துழாவும். அதுல கெடந்த சில்லறைதான் இதெல்லாம். இதுக்கு மதிப்பிருக்குன்னு அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாக" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் கணவரை உள்ளே கூப்பிட்டு, எனக்கு அரபி எழுத்துப் படிக்க வராது, கொஞ்சம் உதவி பண்ணுங்க என்றேன். அதில் ஒன்றும் பொய்யில்லை. லென்ஸைக் கையில் கொடுத்தேன். பேரீச்ச மரமும் ரெண்டு வாளும் போட்ட சவுதிக் காசை முதலில் எடுத்தார். வருஷத்தை வாசித்தார். கூடவே, இது புழங்கின காலத்தில் ரியாத்துக்கு வெளியே கட்டட வேலையில் இருந்தேன், பாலைவனத்துக் குளிர் எலும்பைப் பிடிக்கும், சிமென்ட் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுப்போம் என்றார். காப்பிக் கூஜா போட்ட துபாய் திர்ஹமை எடுத்தார். இதை வைத்து ஒரு டீயும் சமோசாவும் வாங்கலாம், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாங்குவேன், மற்ற நாளில் வாங்க மாட்டேன் என்றார். மான் போட்ட சின்னக் காசு ஒன்று. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். கூட இருந்த மலையாளி ஒருவரோடு இதைச் சுண்டிப் போட்டுத்தான் யார் பாத்திரம் கழுவுவது என்று முடிவு பண்ணுவார்களாம். பெரும்பாலும் இவர்தான் கழுவுவாராம்.

டின் காலியாகிற வரை பேசினார். பக்கத்தில் வாட்சைப் பிரித்துப் போட்டிருந்த என் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கடைசியில் அவர் கணவர் காசுகளை நாடு வாரியாகத் தானே பிரித்து டின்னில் போட்டு, வீட்டுக்குப் போய்ப் பேரன்களுக்குக் காட்ட வேண்டும் என்று எழுந்து ஸ்கூட்டரை எடுக்கப் போனார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன வருசமும் போன்ல நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு மட்டுந்தாங்க சொல்லுவாக. இன்னிக்கித்தான் அவுக ஊரு வந்து சேர்ந்திருக்காக."

நெற்றிக்காசு

காலை நேரம், கடையைத் திறந்து சாமிக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளி ரூபாய், ஆறாம் ஜார்ஜ் தலை. அடுத்த போட்டோவில் மறுபக்கம். வருஷத்தைப் பார்த்ததும் ஊதுவத்தியைக் கீழே வைத்துவிட்டேன். 1939. காசுக்காரர்களுக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், அந்த வருஷத்து ரூபாய் கிடைப்பது அத்தனை அபூர்வம். உடனே போன் வந்தது. பின்னால் பறைச் சத்தம், பெண்கள் அழுகிற சத்தம். வேப்பந்தட்டை பக்கத்துக்காரர். கரும்பு வெட்டப் போகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. "எங்க அம்மா தவறிட்டாங்கக்கா. நெத்தியில வைக்க வூட்டுல இருந்த பழைய காசை எடுத்தோம். இது விலை ஒசந்ததா இருக்கும், வேற காசை வைங்கன்னு பங்காளி ஒருத்தரு சொல்றாரு. நம்பரு அவருதான் குடுத்தாரு. நெசமாக்கா?"

இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? போட்டோவை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, இந்த வருஷத்தில் போலி நிறைய உண்டு என்றேன். அது உண்மை. ஆனால் அசலாக இருந்தால் லட்சக்கணக்கில் போகும் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை, மறைக்க எனக்கு உரிமை இல்லை. எடுத்து வைத்துவிட்டு ஒரு ரூபாய்க் காசை வைத்தால் ஒரு குற்றமும் இல்லை, அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பிறகு ஆறுதலாகக் கொண்டு வாருங்கள், நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மயானத்தில் நெற்றிக்காசு அங்கே வேலை செய்கிறவர் கைக்குப் போய்விடும் என்பதையும் நினைவுபடுத்தினேன்.

பின்னால் பறைச் சத்தம் ஓங்கியது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, மறுபடி போனுக்கு வந்தார். முடிவு பண்ணின குரலில் சொன்னார். "அம்மா உசிரோட இருந்த வரைக்கும் அவங்க மேல விலை ஒசந்ததா நாங்க ஒண்ணும் போட்டுப் பாத்ததில்லக்கா. இதுவே இருக்கட்டும்."

எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தால், மேலே சொன்ன ஒருவர்கூட என்னிடம் ஒரு காசை விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை, ஆனால் தொழில் எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் மூச்சு விட நேரமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.